ஆறேமுக்கால் யசிந்தா

யசிந்தாவைக் கல்யாண வீட்டுக்குக் கூப்பிட ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். கூப்பிட்டாலும் பின்வரிசையில்தான் இருத்துவார்கள். அவள் வாயைத் திறந்து நல்லாயிருங்கோ என்று வாழ்த்தினால், வாழ்த்தை வாங்குகிறவர்களின் முகத்தில் ஒரு கலக்கம் ஓடும். அவளில் பிழை சொல்ல முடியாது, அவர்களிலும் சொல்ல முடியாது. பதினைந்து வருடங்களுக்கு மேலாகப் பின்னேரம் ஆறேமுக்காலுக்கு வடகரைத் தொலைக்காட்சியில் மரண அறிவித்தல் வாசிக்கிற குரல் அது. அந்தக் குரல் ஒருவருடைய பெயரை முழுசாகச் சொன்னால் அந்த ஆள் இனி இல்லை என்று அர்த்தம். அதே குரல் பந்தலுக்குள் வந்து மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னால் அவன் எப்படி நிம்மதியாகத் தாலி கட்டுவான்?

குருநகரின் குறுகலான ஒழுங்கைகளில் அவளுக்கு ‘ஆறேமுக்கால்’ என்றே பெயர். ஒருமுறை பாசையூரிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளைக்குச் சம்மதம். தாய்க்காரிதான் கடைசியில் காலை வாரினாள். “பிள்ளை தங்கமான பிள்ளைதான். ஆனால் விடியக்காலமை அந்தக் குரலிலை ‘மாமி, தேத்தண்ணி’ எண்டால் என்ரை நெஞ்சு தாங்காது” என்றாளாம். யசிந்தா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு முப்பத்தைந்து வயது. சிரிப்பு அடங்கிய பிறகு கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லை வைத்து வாசித்தவளுக்கு, ஒரே ஒரு பெயருக்கு முன்னால் அதை வைக்க முடியாமலே இருந்தது. அது அவளுடைய தம்பி ஜெரோசனின் பெயர். 2007 ஆம் ஆண்டு ஒரு பின்னேரம் மீன்பிடித் தொழிலுக்கென்று கடலில் இறங்கினவன். படகு மண்டைதீவுப் பக்கம் வெறுமையாக ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. கடல் எடுத்தது என்று சிலர் சொன்னார்கள், ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சிலர் சொன்னார்கள். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எட்டு வயது மூத்த யசிந்தாதான் அவனைத் தூக்கி வளர்த்தவள்.

அதற்கு மூன்று வருடங்களுக்குப் பிறகுதான் வடகரை வந்தது. பெரிய இடம் ஒன்றுமில்லை. சண்டை முடிந்த அடுத்த வருடம், குடாநாட்டுக் கிராமங்களுக்கென்று தொடங்கிய சின்ன அரசாங்க நிலையம். கொழும்பிலிருந்து வரும் தொலைக்காட்சிக்குக் கொழும்பு மழை தெரியும். உடுப்பிட்டியில் வெங்காயம் என்ன விலை போகிறது, காங்கேசன்துறைக்கு வெளியே கடல் என்ன நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வடகரை. உடுப்பிட்டியில் ஒரு பழைய வெங்காயக் களஞ்சியத்துக்கு வெள்ளையடித்து, சுவரெல்லாம் சத்தம் அடங்கச் சாக்கும் தேங்காய்த் தும்பும் வைத்து அடித்து, அதற்குக் கலையகம் என்று பெயர் வைத்தார்கள்.

வெள்ளையடித்தால் வெங்காயம் போய்விடுமா? மூடிய அறை, தலைக்கு மேலே சுடச்சுட இரண்டு விளக்கு. வாசிக்க இருந்த இரண்டாவது நிமிடத்தில் யசிந்தாவின் கண் கலங்கும். மூன்றாவது அறிவித்தலில் மூக்கை உறிஞ்சுவாள். ஊர் உருகிப்போனது. சொந்தத் தாய்க்கு அழுகிற மாதிரி அந்தப் பிள்ளை அழுது வாசிக்கிறது என்று கடிதங்கள் வந்து குவிந்தன. உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று அவள் துடித்தாள். நிலையப் பொறுப்பாளர் கனகசபாபதிதான் தடுத்தார்.

“சும்மா இரு பிள்ளை. வெங்காயம் எண்டு சொன்னால் சனம் மனமுடைஞ்சு போகும்.”

கனகசபாபதி முந்திக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் மின்சாரப் பகுதியில் இருந்தவர். கம்பத்தில் ஏறவும் தெரியும், கந்தோரில் கடிதம் எழுதவும் தெரியும் என்பதால் அவரைப் பொறுப்பாளராக்கினார்கள். யசிந்தாவைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். குருநகர்த் தேவாலயப் பெருநாளைப் படம் பிடிக்க நிலையத்தின் ஒரே கமெராவோடு வந்தவர், பூசையில் முதலாம் வாசகம் வாசித்த பெண்ணின் குரலைக் கேட்டுவிட்டு, கமெராவைப் புனிதரின் சுருவத்திலிருந்து அவள் பக்கம் திருப்பிவிட்டார். கோயிற்காரர் முறைத்தார்கள். அவர் கவனிக்கவில்லை. பூசை முடிந்ததும் அவளுடைய தகப்பன் செபநாயகத்திடம் போய்க் கேட்டார்.

“அண்ணை, உங்கடை பிள்ளை எங்களுக்கு வந்து வாசிப்பாவோ?”

“என்னத்தை வாசிக்க?”

“செத்தவீடுதான்.”

செபநாயகம் அந்தக் கதையைச் சாகும்வரை சொல்லிச் சிரித்தார்.

அந்த முதல் வருடங்களைப் போல இனி வராது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறி, உடுப்பிட்டிச் சந்தியில் இறங்கி, தோட்டங்களுக்கு நடுவில் நடந்து போவாள். மின்சாரம் போய்விட்டால் ஜெனரேற்றரை இழுக்க நிகழ்ச்சி தயாரிப்பவரும் ஓடுவார், செய்தி வாசிப்பவரும் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடுவார். கமெராவுக்குத் தெரியும் பாதிக்குத்தான் கோட்டு. ஒரு நாள் கடல் நிலைமை சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தோட்டத்து ஆடு உள்ளே வந்து அறிவிப்பாளரின் தாளைச் சாப்பிட்டுவிட்டது. அன்றைக்கு மிச்சக் கடல் நிலைமையை அவர் மனதிலிருந்து சொன்னார். இராணுவத்திடமிருந்து காணி திரும்பக் கிடைத்து வலிகாமம் வடக்குக்கு வந்து சேர்ந்தவர்கள், தறப்பாள் கொட்டிலைக் கட்டிய கையோடு அதற்குப் பக்கத்தில் பனஞ்சிலாகைக் கம்பத்தை நட்டு அன்ரெனாவைக் கட்டினார்கள். தங்களுடைய ஊர்ப் பெயரை ஒரு பெட்டி சொல்வதைக் கேட்க எல்லோருக்கும் ஆசை இருந்தது.

ஆறேமுக்காலுக்குச் சந்திக் கடைகளில் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். தேத்தண்ணி ஆற்றுகிறவர்கூடச் சத்தம் போடாமல் ஆற்றுவார். அறிவித்தல் முடிந்ததும், “இண்டைக்கு எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை” என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போவார்கள். அதில் ஒரு நிம்மதி இருக்கும்.

வாசிப்பது லேசான வேலையில்லை. எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் ஒரு வம்ச வரலாறு. எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், யாருடைய மகன், யாருடைய மருமகன், பிள்ளைகள் யார் யார், ஒவ்வொரு பிள்ளையும் எந்த நாட்டில் என்று ஒரு பெயரும் விடாமல் வரவேண்டும். உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பெயரின் பின்னால் நாடு. போனவர்களுக்குப் பெயரின் முன்னால் ‘காலஞ்சென்ற’. ஒரு மைத்துனியின் பெயர் விடுபட்டதால் அடக்கத்துக்கே வராமல் நின்ற குடும்பங்கள் உண்டு.

முதல் வருடத்திலேயே யசிந்தா ஒரு பெரிய பிழை விட்டாள். ஒரு பெண்மணியின் அறிவித்தலில் மூன்று சகோதரர்களின் பெயர் இருந்தது. முதல் இருவர்தான் காலஞ்சென்றவர்கள். அவள் மூவரையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். மூன்றாமவர் உடுப்பிட்டித் தோட்டக்காரர் தம்பிஐயா. தமக்கையின் அறிவித்தலைக் கேட்க வாயில் வெற்றிலையோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தவர், தானும் போய்விட்டதை அப்படித்தான் அறிந்தார். விடியமுன் தூரத்துச் சொந்தம் ஒன்று இழவு விசாரிக்க வாழைக்குலையும் கறுத்த முகமுமாக அவருடைய வீட்டுப் படலையைத் திறந்திருக்கிறது. படலையில் நின்று வரவேற்றது தம்பிஐயாதான்.

எட்டு மணிக்கு அவர் நிலையத்தில் நின்றார். கனகசபாபதி கையைப் பிசைந்தார், மன்னிப்புக் கடிதம் தருகிறோம் என்றார்.

“கடிதத்தை வைச்சு நான் என்ன செய்ய? என்னைச் சாக்காட்டினது எந்தக் குரலோ அந்தக் குரல் நான் இருக்கிறன் எண்டு வாசிக்கவேணும். அதே நேரத்துக்கு.”

வாசித்தாள். திரு. தம்பிஐயா அவர்கள் நலமாக உள்ளார் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம் என்று வாசித்தாள். வெங்காயம் தன் வேலையைக் காட்டியது. உயிரோடிருக்கிறவருக்கும் கண்ணீர் விட்டாள். தம்பிஐயாவுக்கு அதில் பெரிய திருப்தி. அன்றிலிருந்து வருடாவருடம் தைப்பொங்கல் முடியத் தன்னுடைய அறிவித்தலைத் தானே எழுதி, புதிதாகப் பிறந்த பேரப்பிள்ளைகளைச் சேர்த்துக் கொண்டுவந்து காட்டுவார். “உது வேண்டாம் ஐயா” என்றால் கேட்கமாட்டார். அவர் உண்மையாகவே போன வருடம் யசிந்தா ஒரு பேரப்பிள்ளையையும் விடாமல் வாசித்தாள்.

அந்தப் பிழைக்குப் பிறகு அவள் ஒரு ஒழுங்கு வைத்தாள். அறிவித்தல் வாசிக்கமுன், வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும். ‘காலஞ்சென்ற’ என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகச் சொல்லி, “காலஞ்சென்றவர்தானோ?” என்று கேட்கவேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து ‘ஓம்’ என்ற சொல்லைக் காதால் கேட்டபிறகுதான் வாசிக்கலாம். மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவாள். சில வீடுகளில் ‘ஓம்’ வர நேரமெடுக்கும். ஆட்கள் கணக்குப் பார்க்கிறார்கள், ஞாபகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பொறுமையாக இருப்பாள்.

அவளுடைய தாய் சவிரியம்மா ஒரு நாளும் ஆறேமுக்காலைத் தவறவிட்டதில்லை. அடுப்பில் குழம்பு கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பாள். மகளின் பெருமையைப் பார்க்கிறாள் என்று ஒழுங்கை முழுக்க நினைத்தது. யசிந்தாவும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “ஒவ்வொரு நாளும் என்ரை மூஞ்சையைப் பாத்து அலுக்கேல்லையோ அம்மா?” என்று பகிடியாகக் கேட்டாள்.

“உன்னைப் பாக்க இல்லை பிள்ளை. அவன்ரை பேர் வருதோ எண்டு கேக்கத்தான் இருக்கிறன். நீ வாசிக்காதவரைக்கும் அவன் இருக்கிறான்.”

அதற்குப் பிறகு கலையகத்தில் கமெராவைப் பார்க்கும்போதெல்லாம், அதற்குப் பின்னால் தாய் இருந்து காது கொடுத்துக்கொண்டிருப்பது யசிந்தாவுக்குத் தெரிந்தது.

2013 இல் செபநாயகம் போனார். அறிவித்தல் எழுதும்போது பிள்ளைகளின் வரிசை வந்தது. மூத்தவன் எமிலியன், பிரான்ஸ். யசிந்தா, குருநகர். பிறகு ஜெரோசன். யசிந்தாவின் பேனை அதில் நின்றது. முன்னால் ஒரு சொல் எழுதவேண்டும், அல்லது பின்னால் ஒரு இடம் எழுதவேண்டும். இரண்டும் இல்லாத பெயருக்கு அந்தத் தாளில் இடமில்லை.

“குருநகர் எண்டு போடு,” என்றாள் தாய். “அவன்ரை வீடு இதுதானே.”

அப்படியே வாசித்தாள். ஒழுங்கையில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது எல்லாம் கைத்தொலைபேசியில் வந்துவிட்டது. ஆள் போன பத்தாவது நிமிடத்தில் படம், மெழுகுதிரி, பூ எல்லாம் கனடாவரை போய்விடுகிறது. வடகரையின் கலையகத்துக்குக் குளிரூட்டி போட்டுவிட்டார்கள். வெங்காய மணம் போய்விட்டது, யசிந்தாவின் கண்ணும் காய்ந்துவிட்டது. கனகசபாபதி ஓய்வெடுத்து மகளோடு இருக்கிறார். ஆனாலும் ஆறேமுக்கால் அறிவித்தலை நிறுத்தப் பார்த்தபோது கிராமங்களிலிருந்து கையெழுத்து வைத்துக் கடிதம் அனுப்பினார்கள். தொலைபேசியில் வந்தால் செய்தி, யசிந்தா வாசித்தால்தான் சாவு என்று ஒருவர் எழுதியிருந்தார். யசிந்தாவுக்கு உதவியாக இப்போது தனுஷிகா என்றொரு பெண் வாசிக்கிறாள். கெட்டிக்காரி.

சென்ற வருடம், ஒரு திங்கட்கிழமை காலை, சவிரியம்மா எழும்பவில்லை. எண்பத்தொரு வயது. எமிலியன் பிரான்சிலிருந்து வந்து சேரப் புதன்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. வியாழன் அடக்கம். பெட்டியைக் கும்பிட்டு அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தவன், அறிவித்தல் எழுதுவதற்குத் தங்கச்சியை மேசைக்குக் கூப்பிட்டான். எழுதிக்கொண்டு வந்தவன் ஜெரோசனின் பெயரில் நின்று அவளைப் பார்த்தான்.

“காலஞ்சென்ற எண்டு போடப்போறன்,” என்றான்.

யசிந்தா தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மா இருந்தவரைக்கும் நான் வாய் திறக்கேல்லை. இப்பவும் குருநகர் எண்டு போட்டால் அவனுக்கு ஒரு ஆத்தும இளைப்பாற்றிப் பூசைகூட ஒப்புக்கொடுக்கேலாது. பதினெட்டு வருசமா ஒருத்தரும் அவனுக்காகச் செபிக்கேல்லை யசிந்தா.”

“நான் ஒவ்வொரு நாளும் செபிக்கிறன்.”

“எதுக்கு? அவன் வரவேணும் எண்டோ?”

அவன் சொல்வது சரி என்று யசிந்தாவுக்குத் தெரியும். படகு வெறுமையாக வந்த அன்றைக்கே அவளுக்கு உள்ளுக்குள் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, சொல்வது வேறு.

“நீ எழுது அண்ணை. நீயே அனுப்பிவிடு,” என்று சொல்லிவிட்டுத் தாயின் தலைமாட்டில் போய் இருந்தாள்.

எமிலியன் எழுதி, தொலைபேசியில் படமெடுத்து வடகரைக்கு அனுப்பினான். யசிந்தாவுக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. எழுதினது அண்ணை, வாசிக்கப்போவது தனுஷிகா. அவள் வாயால் அது வரவில்லை. தாய்க்குக் கொடுக்காத வாக்கை, கொடுத்தது போலவே அவள் காப்பாற்றிவிட்டாள்.

ஆறேகாலுக்கு அவளுடைய தொலைபேசி அடித்தது. எமிலியனிடம் இருந்தது பிரான்ஸ் இலக்கம் என்பதால், தொடர்புக்குத் தங்கச்சியின் இலக்கத்தைப் போட்டிருக்கிறான். பேசியது தனுஷிகா.

“அக்கா, மன்னிக்கவேணும். பேருகளை ஒருக்காக் கேக்கவேணும்.”

“கேள் பிள்ளை.”

“காலஞ்சென்ற சந்தியாப்பிள்ளை. காலஞ்சென்றவர்தானோ?”

அது அம்மாவின் தகப்பன். “ஓம்.”

“காலஞ்சென்ற செபநாயகம்?”

“ஓம்.”

அடுத்த பெயர் வரவில்லை. அந்தப் பக்கத்தில் தாள் சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தனுஷிகா குரலைத் தணித்துச் சொன்னாள்: “அக்கா, மற்றப் பேரை நான் கேக்காமல் விடட்டோ?”

யசிந்தா தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். விடு பிள்ளை என்று சொன்னால் போதும். யாரும் அவளைக் கேட்கமாட்டார்கள். ஆனால் எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார் இந்த இடத்தில் வந்து நின்றிருப்பார்கள்? அவர்கள் ஞாபகப்படுத்திக்கொண்டு நிற்கவில்லை, அந்தச் சொல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது இப்போதுதான் விளங்கியது. அவர்களை எல்லாம் சொல்ல வைத்துவிட்டு, தனக்கு மட்டும் சலுகை கேட்பதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. சொன்னால், பதினெட்டு வருடமாக இருந்தவனைத் தான்தான் கொன்றதாக ஆகிவிடும்.

“இல்லை. ஒழுங்காக் கேள்,” என்றாள்.

“காலஞ்சென்ற ஜெரோசன். காலஞ்சென்றவர்தானோ அக்கா?”

தனுஷிகா அவசரப்படுத்தவில்லை. அதை அவளுக்குப் பழக்கியது யசிந்தாதான்.

“ஓம்.”

“நன்றி அக்கா,” என்று தனுஷிகா தொலைபேசியை வைத்தாள்.

ஆறேமுக்காலுக்கு இழவு வீட்டில் தொலைக்காட்சி போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. ஒழுங்கையின் இரண்டு பக்க வீடுகளிலிருந்தும் தனுஷிகாவின் குரல் வேலிக்கு மேலால் வந்தது. அம்மாவின் பெயர், ஐயாவின் பெயர், எமிலியன், யசிந்தா, பிறகு அது. யசிந்தா பெட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழுகை வரவில்லை. கல்லாகிப்போனோமோ என்று தன்னையே வெறுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லோரும் தொழிலுக்குப் போகிறவர்கள், ஜெரோசனோடு கடலில் நின்றவர்கள். இப்போது எல்லோருக்கும் நாற்பதுக்கு மேல். முன்னால் நின்றவன் அருட்செல்வன். அவனும் ஜெரோசனும் ஒரே படகு. அந்த நாள் மட்டும் அருட்செல்வனுக்குக் காய்ச்சல்.

“தம்பி, நேற்று வந்து இவ்வளவு நேரம் நிண்டனீங்கள்தானே. இருங்கோ,” என்றாள் யசிந்தா.

“நேற்று வந்தது அம்மாவுக்கு அக்கா,” என்றான் அருட்செல்வன். “இப்ப வந்தது ஜெரோசனுக்கு. இவ்வளவு காலமும் அவனுக்கெண்டு உங்களிட்டை வரேலாமல் இருந்தது. வந்தால் நாங்களே அவனைச் சாக்காட்டின மாதிரி.”

தனக்கு மட்டும்தான் அந்தப் பாரம் என்று யசிந்தா இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சாவு விழுந்தால் அடக்கத்தன்று படகு இறங்காது. மீன் எவ்வளவு பட்டாலும் இறங்காது. அருட்செல்வன் அதைத்தான் சொல்ல வந்திருந்தான்.

“நாளைக்கு வியாழன் ஒருத்தரும் கடலுக்குப் போகமாட்டம். அது அம்மாவுக்கு. வெள்ளியும் போறேல்லை எண்டு கதைச்சு முடிவெடுத்திருக்கிறம். அது அவன்ரை நாள் அக்கா. அவனுக்கு நாங்கள் குடுக்காமல் விட்டது.”

வெள்ளிக்கிழமை காலை யசிந்தா தனியாகக் கரைக்குப் போனாள். காற்றில்லை, கடல் தட்டையாகக் கிடந்தது, தொழிலுக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. படகுகள் எல்லாம் இயந்திரம் கழற்றி மேலே ஏற்றிக் கிடந்தன. ஓர் ஆள் கண்ணில் படவில்லை. அவள் ஒரு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்தியிருந்து, தம்பியின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள்.